கூலிக்குக் கீழ்ப்படிதல்

எங்கள் பங்கு இல்லத்தின் வாசற்படிக்கும் நான்குவழிச் சாலைக்கும் இடையே நாற்பது அடிகூட இராது. சாலையை அகலப்படுத்தியபோது கோயில் மதிலில் ஒரு பகுதியும் இரண்டு வேப்பமரங்களும் போயின. அன்றிலிருந்து எத்தனையோ ஆடுகளும் நாய்களும் அந்தச் சாலையில் மடிந்ததைப் பார்த்துவிட்டேன். சென்ற ஐப்பசி மழையில் ஓரிரவு அடிபட்டு இறந்த நாட்டு நாய் ஒன்று, எங்கள் விறகுக்கொட்டகையில் நான்கு குட்டிகளை விட்டுச் சென்றது. மூன்றை மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகள் போட்டியிட்டு எடுத்துக்கொண்டனர். யாரும் கேளாத நான்காவது குட்டி எங்களோடு தங்கிவிட்டது. கறுப்பு உடல், வாலின் நுனியில் மட்டும் வெள்ளை. சமையலம்மா அதற்கு மணி என்று பெயரிட்டார்.

மணிக்கு ஒரே ஒரு பாடம் கட்டாயம் தெரிந்தாக வேண்டும். 'வா' என்றால், எங்கிருந்தாலும், எதை முகர்ந்துகொண்டிருந்தாலும் வந்துவிட வேண்டும். உட்காருவதும் கை கொடுப்பதும் வேடிக்கைக்கு, இது உயிருக்கு. தாயைக் கொன்ற சாலை அதே இடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் இருக்கிறார். பணிக்காலத்தில் பல ஆண்டுகள் மோப்ப நாய்களைக் கையாண்டவர். அவரிடம் உதவி கேட்டேன். மறுநாள் மாலை ஓர் அவித்த முட்டையோடு வந்தார். அதைப் பட்டாணி அளவுக்குச் சிறு சிறு துண்டுகளாகப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டார். ஒரு துண்டை விரல்களுக்கிடையே பிடித்துக் குட்டியின் மூக்குக்கு நேரே காட்டி, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னுக்கு நகர்த்தினார். மூக்கு மேலே போகப் போகப் பின்பகுதி தானாகத் தரையில் அமர்ந்தது. அமர்ந்த கணமே துண்டு வாய்க்குள் போயிற்று. நாலைந்து முறை இப்படிச் செய்தபின், அதே கையசைவை வெறுங்கையோடு செய்தார். குட்டி உட்கார்ந்தது. அப்போது மற்றக் கையால் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்தது. "இதுக்கு மேல போனா அதுக்குச் சலிச்சுரும் சாமி" என்றார்.

இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் எங்கள் உபதேசியார். எழுபது வயதைத் தாண்டியவர். மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பிரம்போடு மந்திரங்கள் கற்பித்தவர். "சோத்துக்கு வர்றது கீழ்ப்படிதலா சாமி? நாளைக்கு எவனாவது கறித்துண்டு காட்டுனா அவன் பின்னாலயும் போகும். பேரச் சொன்னா வரணும், அதுதான் நாய்" என்றார்.

இதைச் சாதாரணக் கேள்வியாக என்னால் ஒதுக்க முடியவில்லை. குருமடத்தில் இறையியல் படித்த காலத்திலிருந்து வேறு வேறு உருவங்களில் என்னைத் தொடர்ந்து வந்த கேள்வி இது. பயன் கருதிச் செய்யும் நன்மை நன்மைதானா? கூலிக்குக் காட்டும் பணிவு பணிவுதானா? ஆய் அண்டிரனைப் போற்ற வந்த முடமோசியார், மறுமைப் பயனுக்காக அறத்தை விலைபேசாதவன் என்பதையே அவனுடைய பெரும் புகழாகக் கண்டார் என்று புறநானூறு படித்தவர்கள் அறிவர். பயன் கருதாமையை உச்சியில் வைத்துப் பார்க்கும் மரபில் வந்தவர்கள் நாம். உபதேசியாரும் அறியாமலே அந்த மரபில் நின்றுதான் பேசினார்.

அவர் சொன்னதற்கு மாற்றாக அவரிடம் இருந்தது பிரம்பு ஒன்றே. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் காவல் நாய்களைப் பயிற்றிய கொன்ராட் மோஸ்ட் 1910-இல் வெளியிட்ட பயிற்சி நூலில் கட்டாயப்படுத்துதலுக்குப் பெரிய இடம் இருந்தது. நெடுங்காலம் பல நாடுகளின் படைகளிலும் காவல்துறைகளிலும் கழுத்துப்பட்டையை வெட்டியிழுப்பதே பாடம். அது பலிக்காமலும் இல்லை. ஆனால் அது எதைக் கற்பிக்கிறது என்பதை எங்கள் இல்லத்திலேயே கண்டேன். மணி ஒருநாள் காலை திருவுடை அறையில் சிறுநீர் கழித்துவிட்டது. நண்பகலில்தான் அதைக் கண்ட உபதேசியார் குட்டியைத் தேடிப்பிடித்து இரண்டு அடி வைத்தார். காலையில் செய்ததற்கும் நண்பகலில் வாங்கியதற்கும் உள்ள தொடர்பைக் காண அதற்கு வழியில்லை. திருவுடை அறையைப் பற்றி அது எதையும் கற்றுக்கொள்ளவில்லை. உபதேசியாரைக் கண்டால் விறகுக்கொட்டகைக்குள் ஓடக் கற்றுக்கொண்டது. அவர் 'வா' என்று கூப்பிட்டால் அதிகமாக ஓடியது. கூப்பிட்டுத் தண்டிப்பவனிடம் இரண்டாம் முறை யார் போவார்?

உணவு கொடுத்துப் பழக்கும் முறையின் பின்னணியில் இருக்கும் அறிவியலை உருவாக்கியவர்களுள் ஒருவர் குருமடத்து மாணவர் என்பது எனக்குச் சிறு மகிழ்ச்சி. ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் ஒரு குருவானவரின் மகன். ரியாசான் நகரத்துக் குருமடத்தில் பயின்று, 1870-இல் அதை விட்டு இயற்கை அறிவியலுக்குப் போனார். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றார். உணவுக்கு முன் எழும் ஓர் ஒலியே உணவைப் போல நாயின் வாயில் நீரூறச் செய்யும் என்று காட்டியவர் அவர். அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து, இன்பமான விளைவைத் தந்த செயல் மீண்டும் செய்யப்படும் என்ற விதியை வகுத்தார். பி. எஃப். ஸ்கின்னர் அதை விரித்து, 1951-இல் பொதுமக்களுக்கான அறிவியல் இதழ் ஒன்றில், வீட்டு விலங்குகளுக்கு எவ்வாறு கற்பிக்கலாம் என்று கட்டுரையே எழுதினார்.

நம் காவலர் இவர்களில் ஒருவரையும் படித்தவரல்லர். ஆனால் விதிகள் அவர் விரல்நுனியில் இருந்தன. செயல் முடிந்த ஒரு நொடிக்குள் துண்டு வாய்க்குப் போக வேண்டும். தாமதித்தால் வேறு எதற்கோ கொடுத்ததாகிவிடும். முதலில் இரண்டடி தூரத்திலிருந்து கூப்பிட வேண்டும். பிறகு அறையின் மறுமூலையிலிருந்து. பிறகு நீண்ட கயிற்றில் கட்டிக் கோயில் வளாகத்தில். வந்தபின் ஒருபோதும் திட்டக்கூடாது, உடனே பிடித்துக் கட்டவும் கூடாது. பாடம் நன்றாகப் பதிந்தபின் ஒவ்வொரு முறையும் கொடுக்காமல், எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடைவிட்டுக் கொடுக்க வேண்டும். கருவாடு உப்பு, வேண்டாம். சாக்லேட் நாய்க்கு நஞ்சு. உலர்திராட்சையும் நஞ்சு; சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்தக் கடைசிச் செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் பங்கு இல்லத்தில் எத்தனை கேக்குகள் சேரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் செய்த தவற்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அவித்த முட்டைக்கும் பிய்ப்பதற்கும் எனக்குப் பொறுமை இல்லை. ரொட்டிப் பொட்டலம் ஒன்றை அங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கூப்பிடும்போதெல்லாம் அதைச் சரசரவென்று ஆட்டினேன். மணி அம்பாகப் பாய்ந்து வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருநாள் பொட்டலம் இல்லாமல் கூப்பிட்டேன். அது தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தது; சற்று யோசித்தது; மறுபடியும் குப்பையை முகரத் தொடங்கிவிட்டது. காவலரிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார். "நீங்க நாயப் பழக்கல சாமி. பொட்டலத்த எடுக்க நாய்தான் உங்களப் பழக்கியிருக்கு."

அவர் சொல்லில் ஓர் அறநெறிப் பாடம் அடங்கியிருந்தது. செயலுக்கு முன்னே காட்டுவது கையூட்டு. செயலுக்குப் பின்னே தருவது கூலி. அரசு அலுவலகத்து மேசையடியில் நீளும் பணத்திற்கும் மாதக் கடைசியில் வாங்கும் சம்பளத்திற்கும் உள்ள வேற்றுமை இது. முன்னே காட்டும்போது குட்டி கேட்பது என் குரலை அல்ல, பொட்டலத்தை. பின்னே தரும்போது, 'நீ இப்போது செய்தாயே, அதைத்தான் நான் கேட்டேன்' என்று அதற்குப் புரியும் மொழியில் சொல்கிறேன். 'வா' என்பது குட்டிக்கு வெறும் ஓசை. தமிழ் தெரியாத அந்த உயிருக்கு அச்சொல்லின் பொருளை நான் வேறு எப்படி உணர்த்துவேன்? முட்டைத் துண்டு அங்கே விலையாக இருப்பதைவிட அகராதியாக இருக்கிறது.

ஆயினும் உபதேசியாரின் கேள்வி முழுவதும் தீரவில்லை. குட்டியின் நோக்கம் தூயதா என்பது அவர் கேள்வி. விலங்குகளுக்கு நல்லொழுக்கப் பழக்கங்கள் உண்டா என்று புனித தோமா அக்குவினாரும் ஆராய்ந்திருக்கிறார். மனிதனின் பகுத்தறிவு பழக்கத்தின் வழியாக அவற்றைப் பண்படுத்துவதால், ஒருவகையில் பழக்கம் உண்டு என்று சொல்லலாம். ஆனால் அதைப் பயன்படுத்தவோ விடவோ தீர்மானிக்கும் விருப்புரிமை அவற்றிற்கு இல்லாததால், முழுப்பொருளில் சொல்ல முடியாது என்பது அவர் முடிவு. விலங்குகளை நாம் இன்று அவர் காலத்தைவிட நன்றாக அறிவோம். அவற்றின் அகவாழ்வைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசத் தயங்குவோம். எனினும் அவர் கூற்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாயிற்று. குட்டியின் கீழ்ப்படிதலில் ஒரு பாதி அதைப் பழக்கியவனின் மனத்தில் இருக்கிறது. அப்படியானால் நோக்கம் தூயதா என்ற கேள்வியை, முட்டையை வாங்குபவனிடம் அல்ல, கொடுப்பவனிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. யோபு கைம்மாறு இல்லாமலா கடவுளுக்கு அஞ்சுகிறான் என்ற ஐயத்தை விவிலியத்தில் எழுப்புவது சாத்தான். நற்செயலின் அடியில் ஏதாவது இலாபம் ஒளிந்திருக்கும் என்று தோண்டிப் பார்ப்பது குற்றஞ்சாட்டுபவனின் தொழில். (உபதேசியார் இதைப் படித்தால் என்னை மன்னிப்பார் என நம்புகிறேன்.) திருச்சபை இவ்வளவு கடுமை காட்டவில்லை. தண்டனைக்கு அஞ்சி எழும் குறைவுள்ள மனத்துயரும் கடவுளின் கொடையே என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1551-இல் போதித்தது. உத்தம மனஸ்தாபம் வரும்வரை வாசலைச் சாத்திவைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனித பெர்நார்து, அச்சத்தால் பணியும் அடிமையையும் கூலிக்குப் பணியும் வேலையாளையும் அன்பால் பணியும் மகனையும் வேறுபடுத்திக் காட்டினார். ஆனால் மனிதன் தன்னலத்தில் தொடங்கியே அன்பில் வளர்கிறான் என்பதை அவர் மறைக்கவில்லை. தொடங்கிய இடத்தை வைத்து ஒருவரைத் தீர்ப்பிடலாமா என்பதே எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஆனால் கொடுப்பவனைத் தீர்ப்பிடலாம். இங்கே என்னையே சாட்சியாக அழைக்கிறேன். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஞாயிறு மறைக்கல்விக்குப் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று கவலைப்பட்டேன். ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து, வரும் ஞாயிறுதோறும் அதில் முத்திரை குத்தினேன். பத்து முத்திரைக்கு ஒரு நோட்டுப்புத்தகம். ஆண்டிறுதியில் அதிக முத்திரை பெற்றவருக்குக் கைக்கடிகாரம். வகுப்பு நிரம்பி வழிந்தது. மறு ஆண்டு உதவியவர் கையை விரித்துவிட்டார். அட்டை இல்லை என்றதும் வகுப்பு பாதியாயிற்று. புதிதாக வந்தவர்கள் போனதில் வியப்பில்லை. அட்டைக்கு முன்பே, பாட்டுக்காகவும் கதைக்காகவும் ஓடி வந்துகொண்டிருந்த ஒரு சிறுமி வாசலில் நின்று, "இன்னைக்கு முத்திரை உண்டா சாமி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று நடந்தது என்னவென்று பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூன்று அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் பரிசுச் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தனர். சில நாட்கள் கழித்துக் கவனித்தபோது, பரிசு எதுவும் பெறாத குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியையே அக்குழந்தைகள் செலவிட்டனர். முன்கூட்டிச் சொல்லாமல், வரைந்த பிறகு எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தக் குறைவு இல்லை.

அந்தச் சிறுமியிடம் ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது. என் காரணத்தைவிட நல்ல காரணம். நான் அதை அகற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு நோட்டுப்புத்தகத்தை வைத்தேன். மணியிடம் 'வா' என்ற ஓசைக்குப் பின்னால் எந்தக் காரணமும் இருக்கவில்லை; வெற்றிடத்தில் முட்டைத் துண்டு ஒரு தொடக்கத்தை வைத்தது. ஒரே பரிசு ஓரிடத்தில் விதையாகவும் ஓரிடத்தில் களையாகவும் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல், நாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே முறையைக் கையாண்டிருக்கிறேன். அதுவும், நாய்க்குக் காட்டிய கவனத்தைக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டாமல்.

பரிசுக்கும் உணவுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் முக்கியமானது. பாடம் கூர்மையாக ஏற வேண்டுமென்று நாயைப் பட்டினி போட்டுப் பழக்குவோர் உண்டு. ஸ்கின்னரின் ஆய்வகத்துப் புறாக்களும் இயல்பு எடையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டே பயிற்றப்பட்டன. காவலரிடம் இதைக் கேட்டபோது அவர் முகம் சுளித்தார். "சட்டியில உள்ளது அதோட பங்கு. அதுல கை வைக்கக் கூடாது. கையில உள்ளதுதான் நம்ம பாடம்" என்றார். சட்டிச் சோறு உரிமை; கைத்துண்டு கொடை. உரிமையைப் பிடித்துவைத்துக்கொண்டு கீழ்ப்படிதலைக் கேட்பவன் பயிற்சியாளன் அல்லன். பசியைக் காட்டி அடிமை கொள்பவன்.

இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்கு எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. எங்கள் குடும்பம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தின்போது திருச்சபைக்கு வந்தது. என் பாட்டனாரைப் பள்ளியில், 'கஞ்சிக்கு வந்தவன் பேரன்' என்று கேலி செய்வார்களாம். அவர் முதுமையிலும் அதை மறக்கவில்லை. மனிதரை நாயோடு ஒப்பிட நான் இதைச் சொல்லவில்லை. அப்படி ஒப்பிட்டவர்கள் கேலி செய்தவர்கள்தாம். எனக்குள்ள ஐயம் கஞ்சி குடித்த என் முன்னோரைப் பற்றியதன்று. பசித்தவன் உணவுள்ள இடத்திற்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அகப்பை பிடித்தவர் சட்டியிலிருந்து கொடுத்தாரா, கையிலிருந்து கொடுத்தாரா? பசித்தவனுக்கு உரியதென்று ஊற்றினாரா, பெயர்ப் பதிவேட்டைப் பார்த்து ஊற்றினாரா? எனக்குத் தெரியாது. பாட்டனாரும் அதைச் சொல்லவில்லை. மழை பெய்து, கஞ்சித்தொட்டி மூடியபிறகும் அவர்கள் ஞாயிறுதோறும் ஆறு கல் நடந்து கோயிலுக்குப் போனார்கள் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அண்மையில் என் கண்ணில் பட்டது. விழித்த நிலையில் அசையாது படுத்திருக்கப் பழக்கப்பட்ட பதினைந்து நாய்களின் மூளையைக் காந்தப் படக்கருவியால் ஆராய்ந்தனர். இன்பத்தை எதிர்நோக்கும்போது கிளர்ச்சி கொள்ளும் பகுதி, உரிமையாளரின் பாராட்டுக்கும் உணவுக்கும் எப்படி இயங்குகிறது என்று பார்த்தனர். பதின்மூன்று நாய்களில் பாராட்டுக்கு எழுந்த கிளர்ச்சி உணவுக்கு எழுந்ததற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தது. உபதேசியாரிடம் இதை வெற்றிக்களிப்போடு படித்துக் காட்டினேன். "அப்போ மிச்சம் ரெண்டு?" என்று கேட்டார்.

சென்ற சித்திரையில் ஒரு மாலை, செபமாலை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். யாரோ வெளிக்கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள். சாலையின் மறுபுறம் ஒரு பெட்டை நாய் நின்றது. மணி கதவைத் தாண்டிச் சாலையின் விளிம்புக்குப் போய்விட்டதை நான் படியிலிருந்து பார்த்தேன். தெற்கிலிருந்து சரக்கு வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. 'மணி, வா' என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இரைச்சல். அது நின்றது. மறுபுறம் பார்த்தது. திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு ஓடி வந்தது.

என் கை வெறுங்கை. அங்கிப் பையிலும் ஒன்றும் இல்லை. அது கையை முகர்ந்தது. மற்றக் கையையும் முகர்ந்தது. பிறகு என் காலடியில் உட்கார்ந்துகொண்டது. என் முழங்கால்கள் நடுங்கியதால் நானும் படியிலேயே அமர்ந்துவிட்டேன். அது ஏன் வந்தது? எப்போதோ கிடைக்கும் முட்டைக்காகவா, என் குரலுக்காகவா? கதவைச் சாத்திவிட்டு வந்த காவலரிடம் இதையே கேட்டேன்.

"அத ஏன் சாமி இப்பப் போட்டு உருட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றார். "உள்ள போய் ஒரு முட்டைய அவிக்கச் சொல்லுங்க. இன்னைக்கு முழுசாவே குடுக்கலாம்."